திண்டிவனத்துச் சுண்ணாம்பு

விழுப்புரம் ஜங்ஷனில் இறங்குகிறவர்களில் பலர் விழுப்புரத்துக்காக இறங்குகிறவர்கள் அல்ல. திருச்சிக்குப் போகிறவர்கள், மாயவரம் மார்க்கமாகத் தஞ்சைக்குப் போகிறவர்கள், புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் போகிறவர்கள் எல்லாரும் இங்கே வண்டி மாறுகிறார்கள். பிளாட்பாரத்தில் ஒரு காபியைச் சாப்பிட்டுவிட்டு, ஊரைத் திரும்பியும் பாராமல் போய்விடுகிறார்கள். சென்ற பங்குனி மாதத்தில் நாமும் நமது பள்ளிக்கூடத்து விஞ்ஞான ஆசிரியரும் விழுப்புரத்துக்காகவே விழுப்புரத்தில் இறங்கினோம். காரணம், சீமையிலிருந்து வந்த ஒரு கடிதம்.

இங்கிலாந்தில் குடியேறிவிட்ட பழைய மாணவர் ஒருவர், தாம் கண்ட வினோதமான கடை ஒன்றைப் பற்றி அதில் எழுதியிருந்தார். வீட்டிலேயே பீரும் திராட்சை மதுவும் தயாரிப்பதற்கு வேண்டிய சாமான்களை மட்டும் விற்கிற கடையாம் அது. பெரிய கண்ணாடி ஜாடிகள். உள்ளே உண்டாகும் வாயு வெளியே போகலாம், வெளிக்காற்று மட்டும் உள்ளே வரக் கூடாது என்று நீரை வைத்துப் பூட்டிய குழாய்கள். சாற்றில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று மிதந்து காட்டும் கண்ணாடிக் கோல். பொட்டலம் பொட்டலமாக ஈஸ்ட். இங்கிலாந்தில் வீட்டில் பீர் காய்ச்சுவதற்கு லைசென்ஸ் வேண்டும் என்ற விதி 1963-ல்தான் எடுபட்டது. அமெரிக்காவில் 1978-ல் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட பிறகே இதற்கு வழி பிறந்தது. "நம் பக்கத்தில் இப்படி ஒரு கடை உண்டா, சார்?" என்று விளையாட்டாகக் கேட்டிருந்தார் மாணவர்.

விளையாட்டுக் கேள்விதான். ஆனால் விஞ்ஞான ஆசிரியர் அதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. "பனையும் தென்னையும் உள்ள தேசத்தில் இந்த வித்தை புதிதா என்ன? பனைக்காரன் தனக்கு வேண்டிய சாமானை எங்கே வாங்குகிறான் என்று பார்த்துவிடுவோமே!" என்றார். பனை மிகுந்த பிரதேசங்களில் விழுப்புரம், திண்டிவனம் பக்கமும் ஒன்றல்லவா? புறப்பட்டோம்.

குடையும் கைப்பையுமாக இரண்டு உபாத்தியாயர்கள் விழுப்புரம் கடைத்தெருவில் போய், "பனை ஏறுகிறவர்களுக்கு வேண்டிய சாமான் கிடைக்குமா?" என்று விசாரித்தால் என்ன நடக்கும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். இரும்புச் சாமான் கடைக்காரர் நம் இருவரையும் உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒரு முறை பார்த்தார். நமது நண்பரின் தொந்தியில் சற்று அதிக நேரம் பார்வையை நிறுத்தினார்.

"ஏறப் போறது யாரு, சார்?" என்று மிக மரியாதையாகக் கேட்டார்.

விஷயத்தைச் சொன்னதும் அவரே அன்போடு விளக்கினார். பனை ஏறுகிறவனுக்கென்று தனிக் கடை கிடையாது. பாளை சீவும் அரிவாளைக் கொல்லனிடம் சொல்லி அடித்துக்கொள்கிறான். கால் தளையை நார் உரித்துத் தானே முறுக்கிக்கொள்கிறான். பாளையை நசுக்கிப் பதப்படுத்தும் கடிப்பையும் தானே செதுக்கிக்கொள்கிறான். "காசு கொடுத்து வாங்குறது ரெண்டே ரெண்டுதான் சார். பானை, சுண்ணாம்பு. அந்த ரெண்டும் ஒரே இடத்திலே வேணும்னா திண்டிவனத்துக்குப் போங்க" என்றார்.

விழுப்புரத்திலிருந்து திண்டிவனத்துக்கு ரயிலில் போவது சிறிய பிரயாணம். முண்டியம்பாக்கத்தில் கரும்பாலை இருக்கிறது. வெள்ளைச் சர்க்கரை செய்கிற அந்த ஆலைக்குச் சிறிது தூரத்திலேயே, பனையைத் தல விருட்சமாகக் கொண்ட சிவன் கோயில் ஒன்றும் இருக்கிறது. பனையபுரம் என்று இன்று வழங்கும் அந்த ஊரின் பழைய பெயர் புறவார் பனங்காட்டூர். திருஞானசம்பந்தர் பாடிய ஸ்தலம். சுவாமியின் திருநாமமே பனங்காட்டீசுவரர். விக்கிரவாண்டி, பேரணி, மயிலம் என்று ஸ்டேஷன்கள் வந்து போகையில், ஜன்னலுக்கு வெளியே வயல் வரப்புகளில் பனைகள் காவல்காரர்களைப் போல நின்றன. சில இடங்களில் மொட்டை அடிமரங்கள் மட்டும் நின்றன. செங்கல் சூளைக்குப் பனை விறகாகப் போவது எல்லாரும் அறிந்ததே. 1978-ல் பனையை ராஜ்யத்தின் மரமாக அறிவித்தார்கள். கலெக்டரின் அனுமதியின்றி அதை வெட்டலாகாது என்று சர்க்கார் சொன்னது 2021-ல். இடையில் 43 வருஷங்கள்!

திண்டிவனம் என்ற பெயர் திந்திரிணி வனம், அதாவது புளியங்காடு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். புளியின் பெயர் பூண்ட ஊரில் நாம் தேடிப்போனது, புளிக்காமலிருப்பதற்கான மருந்து.

கடை என்று சொன்னால் கடை. கூரைச் சார்ப்பின் கீழே சட்டிகள், தொட்டிகள், பொங்கல் பானைகள், அடுப்புகள். ஓர் ஓரத்தில் வாய் குறுகிய சிறு பானைகள் வைக்கோலின் மேல் கவிழ்த்து அடுக்கியிருந்தன. அவற்றுக்குப் பக்கத்தில் சாக்கு மூட்டையில் கிளிஞ்சல் சுண்ணாம்பு. கடைக்கார அம்மாளுக்கு அறுபது வயதிருக்கும். நாம் போனபோது, அதைவிட வயதான ஒருவர் அங்கே குந்தி உட்கார்ந்து பானைகளை ஒவ்வொன்றாக எடுத்து விரலால் தட்டிக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். மார்பிலும் முழங்கையின் உட்புறத்திலும் தோல் காய்ப்புக் காய்த்துப் பனைமரத்தின் பட்டையைப் போலவே இருந்தது. அவருடைய தொழிலைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

"சுண்ணாம்பு எதுக்குங்க? வெத்திலைக்கா, வெள்ளையடிக்கவா?" என்று நம்மைக் கேட்டாள் அம்மாள்.

"பதநீருக்கு" என்று நண்பர் சொன்னதும் கிழவர் நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் பேச்சுத் துணை கிடைத்தது. நமக்கு ஓர் ஆசிரியர் கிடைத்தார்.

அவர் சொன்னதை நம் வார்த்தையில் சொல்கிறோம். பாளையைக் கட்டி, கடிப்பால் நாட்கணக்கில் இதமாக நசுக்கி, நுனியை மெல்லிய சீவலாகச் சீவினால் சாறு சொட்டத் தொடங்கும். காலையும் மாலையும் ஏறிச் சீவ வேண்டும். ஒரு வேளை தவறினாலும் பாளை அடைத்துக்கொள்ளும். சொட்டுகிற சாற்றில் நூற்றுக்குப் பத்துக்கு மேல் சர்க்கரை. அதைச் சாப்பிட ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் காற்றிலும், பூச்சிகளின் காலிலும், பழைய பானையின் மண் துவாரங்களிலும் தயாராகக் காத்திருக்கிறது. சும்மா விட்டால் சில மணி நேரத்தில் நுரைத்துப் பொங்கும். சர்க்கரை ஆல்கஹாலாக மாறும். அது கள். பானையின் உட்புறத்தில் சுண்ணாம்பைத் தடவிவிட்டால் சாறு காரத்தன்மை அடைகிறது; ஈஸ்ட்டின் ஜம்பம் அங்கே சாயாது. அது பதநீர். 8 முதல் 10 லிட்டர் பதநீரைக் காய்ச்சினால் ஏறக்குறைய 1 கிலோ வெல்லம் கிடைக்கும்.

ஒரே மரம், ஒரே பாளை, ஒரே பானை. நடுவே ஒரு சிட்டிகைச் சுண்ணாம்பு.

சீமையின் கடையில் ஈஸ்ட்டைப் பொட்டலம் கட்டி விற்கிறார்கள். நம் நாட்டு வெயிலில் அது அழையாமல் வருகிற விருந்தாளி. அங்கே புளிக்கச் செய்யச் சாமான் விற்கிறார்கள். இங்கேயோ புளிக்காமலிருக்கச் செய்யச் சாமான் விற்கிறார்கள். (நம் வீட்டு இட்லி மாவு இரவெல்லாம் புளித்துப் பொங்குவதற்கு இதுவரை யாரும் லைசென்ஸ் கேட்கவில்லை என்பது ஒரு பெரிய பாக்கியம்.)

"சுண்ணாம்பு கூடிப்போனா குடிக்கிறவன் துப்பிட்டுப் போயிடுவான், வாத்தியாரய்யா. கொறைஞ்சு போனா பொங்கிடும். பொங்கினா அது கள்ளு, கேசு ஆயிடும். இன்னிக்கு எவ்வளவு தடவணும்னு வெயிலைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணும்" என்றார் கிழவர்.

தராசும் அளவுகோலும் இல்லாமல், ஐம்பது அடி உயரத்தில் காலைத் தளையில் மாட்டிக்கொண்டு அவர் செய்கிற இந்த ரசாயனத்தைக் கேட்டு நமது நண்பர் வாயடைத்துப் போனார். பரிசோதனைச் சாலையில் பிள்ளைகள் செய்யும் தவறுக்கு மதிப்பெண் குறையும். இவர் செய்யும் தவறுக்கு அபராதமும் சிறையும் உண்டு.

இந்த மண்ணிலிருந்து அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசுவதில் ஒரு விசேஷம் இருக்கிறது. 1937-ல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் தொடங்கிய மதுவிலக்கு, 1948 அக்டோபர் 2-ந் தேதி காந்தி ஜயந்தியன்று சென்னை மாகாணம் முழுவதற்கும் வந்தது. அப்போது பிரதமராயிருந்தவர் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார். ஓமந்தூர் திண்டிவனத்துக்கு அருகில் இருக்கிறது! தம் ஊரைச் சுற்றிலும் நிற்கும் பனைகளை அவர் அறியாதவரல்ல. காந்தியடிகளும் கள்ளை வேண்டாமென்றாரே தவிரப் பனையை வேண்டாமென்று சொல்லவில்லை. 1934-ல் அவர் ஆரம்பித்த அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கமும், அதை நடத்திய நம் தஞ்சாவூர்க்காரர் குமரப்பாவும் பனைவெல்லத்தை விடாமல் எடுத்துச் சொன்னார்கள். கள் இறக்கியவர்களை வெல்லம் காய்ச்சுபவர்களாக்கக் கூட்டுறவுச் சங்கங்களும் ஏற்பட்டன.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1971-ல் விலக்கு நீங்கியது, 1974-ல் திரும்பியது, 1981-ல் கடைகள் திறந்தன, 1987-ல் கள்ளும் சாராயமும் மறுபடி நின்றன. 2003 முதல் சர்க்காரே சீமைச் சரக்குச் சில்லறைக் கடைகளை நடத்துகிறது. பக்கத்திலுள்ள புதுச்சேரியில் கள்ளுக்கடை உண்டு. விக்கிரவாண்டியை அடுத்த நரசிங்கனூர் முதலிய ஊர்களில் பனையேறிகள் கள்ளுக்கு அனுமதி கேட்டுக் குரல் எழுப்பி வருகிறார்கள். இதற்கிடையில் 2023 மே மாதம் மரக்காணத்துக்கு அருகே எக்கியார்குப்பத்தில் விஷச் சாராயம் குடித்துப் பத்துக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அடுத்த வருஷம் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அவர்களைக் கொன்றது மெத்தனால். ஆலைகளுக்கென்று உள்ள விஷம். எந்தப் பனையிலும் அது சொட்டுவதில்லை.

கள்ளுக்கடை திறக்க வேண்டுமென்று நாம் சிபாரிசு செய்ய வரவில்லை. குடியால் குலைந்த வீடுகளிலிருந்து வரும் பிள்ளைகளை வகுப்பில் தினமும் பார்க்கிறவர்கள் நாம். ஆனால் ஆலையிலிருந்து களவாய்ப் போகும் விஷத்துக்கு ஆயிரம் வழிகள் திறந்திருக்க, சட்டத்தின் கண் முழுவதும் இந்தக் கிழவருடைய பானையின் வாயிலேயே பதிந்திருப்பது நமக்குச் சரியாகப் படவில்லை. "உங்கள் பிள்ளை இந்தத் தொழிலைக் கற்றுக்கொண்டாரா?" என்று கேட்டோம். "அவன் மெட்ராசிலே காரோட்டுறான். நல்லாத்தான் இருக்கான். அவனுக்கு நான் சொல்லியும் குடுக்கலே" என்றார்.

மறுநாள் விடியற்காலையில் அவருடைய தோப்புக்கு வரச் சொன்னார், போனோம். இருள் பிரியுமுன்னே ஆறு மரம் முடித்துவிட்டார். இறக்கிய பானைகளைத் தரையில் வரிசையாக வைத்து, ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்துவிட்டுப் பெரிய குடத்தில் வடிகட்டி ஊற்றினார். பச்சை ஓலையைப் பட்டையாக மடக்கி, நம் இருவருக்கும் வார்த்தார். இனிப்பின் அடியில் மெல்லிய சுண்ணாம்பு வாசனை; பனிக் குளிர்ச்சி. நண்பர் மூன்று பட்டை சாப்பிட்டார்.

கடைசிப் பானையை மூக்கருகே கொண்டுபோனவர், அதைக் குடத்தில் ஊற்றவில்லை. விளிம்பில் வெள்ளையாகக் கொஞ்சம் நுரை கட்டியிருந்தது. ரஸ்தாப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். பிறகு அதை மரத்தின் அடியில் கவிழ்த்துவிட்டு, காலால் மண்ணைத் தள்ளி மூடினார். பானையை வைக்கோலால் தேய்த்துக் கழுவி, முதல் நாள் திண்டிவனத்தில் வாங்கிய சுண்ணாம்பிலிருந்து ஒரு விரல் எடுத்து, உள்ளே மெதுவாகத் தடவத் தொடங்கினார்.