பாரில் இருந்த பிள்ளை

யாழ்ப்பாணத்துச் சைக்கிளில் பிள்ளைக்கென்று ஓரிடம் உண்டு. அதுதான் பார். தகப்பனின் இரண்டு கைகளுக்கும் நடுவே, பாரில் பூட்டிய சின்ன இருக்கையில், ஹாண்டிலைப் பிடித்தபடி பிள்ளை இருக்கும். அதன் தலைமயிர் தகப்பனின் நாடியில் உரசும். விழுந்தால் இருவரும் சேர்ந்துதான் விழவேண்டும். என் அப்பா என்னை அப்படித்தான் கொண்டுதிரிந்தார். நானும் என் மகளை அப்படித்தான் கொண்டுதிரிந்தேன்.

ஆகவே, 2024 கோடையில் ஜேர்மனியின் ஹம் நகரிலுள்ள மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ஐந்து வயதுப் பேத்தியைச் சைக்கிளின் பின்னால் இழுத்துச் செல்ல ஒரு கருவி வாங்கவேண்டும் என்று அவள் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

"கண்ணுக்குத் தெரியாத இடத்தில வைச்சுக்கொண்டு எப்படிப் பிள்ளை ஓடுறது?" என்று கேட்டேன். மகள் சிரித்தாள்.

காரணம் இதுதான். அந்நகரின் ஊன்ரொப் பகுதியில் 2002 இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் ஆலயம் இருக்கிறது. அம்பாள் தீர்த்தமாடுகின்ற கால்வாயின் கரையோரமாகவே சைக்கிளில் போகலாம். ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். பேத்தி தன் சைக்கிளை நன்றாகவே ஓடுவாள். ஆனால் இரண்டு கிலோமீற்றரில் களைத்துவிடுவாள்.

கடையில் பல வகைகளைக் காட்டினார்கள். முதலாவது இரண்டு சில்லு வண்டில். பிள்ளை உள்ளே இருந்துகொண்டு வரவேண்டியதுதான். ஜேர்மன் சட்டப்படி ஏழு வயது நிறையும்வரைதான் அதில் ஏற்றலாம். பேத்தி அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. இரண்டாவது, ஒரு சில்லும் பெடலும் கொண்ட அரைச் சைக்கிள். பெரியவரின் சீற் கம்பத்தில் பூட்டுவது. பிள்ளை மிதிக்கலாம், ஆனால் ஹாண்டில் திரும்பாது. கழற்றிவிட்டால் அது தனியே ஓடவும் மாட்டாது.

மூன்றாவது, பிள்ளையின் சொந்தச் சைக்கிளையே இழுப்பது. இதிலும் இரண்டு உண்டு. ஒன்று சீற் கம்பத்தில் பூட்டும் தண்டு. அது சிறிய சைக்கிளின் முன்சில்லைத் தரையிலிருந்து தூக்கிப் பிடிக்கும். பாரம் குறைவு, விலையும் குறைவு. ஆனால் மேலிருந்து இழுப்பதால் பிள்ளை சரிந்தால் நம் சீற்றும் சேர்ந்து அசையும். பூட்டு இளகினால் சின்னச் சைக்கிள் ஒருபக்கம் சாய்ந்துகொண்டே வரும். மற்றையது 'ஃபொலோமீ' என்ற பெயரில் விற்கப்படுவது. பெரிய சைக்கிளின் பின் அச்சில் தாழ்வாகப் பூட்டி, சின்னச் சைக்கிளின் முன்சில்லை அதில் இருத்துவார்கள். பாரமும் விலையும் கூட. ஆனால் ஆட்டம் குறைவு. தேவையில்லாதபோது சின்னச் சைக்கிளைக் கழற்றிவிட்டு, கருவியை மடித்துப் பின்னால் நிறுத்திக்கொள்ளலாம்.

நான் அரைச் சைக்கிளுக்காகவே வாதாடினேன். மகள் கேட்கவில்லை.

"அப்பா, அவள் தானாக ஓடவேணும். களைச்சால் மட்டும் நாங்கள் இழுப்பம்."

கடைசியில் ஃபொலோமீ வாங்கினோம்.

முதல் நாள் நான் இழுத்தேன். மகள் தன் சைக்கிளில் பின்னால் வந்தாள். பிரேக் பிடித்தால் வழக்கத்தைவிடத் தூரம் ஓடித்தான் நின்றது. வளைவுகளை அகலமாக எடுக்கவேண்டியிருந்தது. இவற்றைப் பழகிக்கொண்டேன். பழகமுடியாதது ஒன்றுதான். நிமிடத்துக்கொருமுறை திரும்பிப் பார்த்தேன். பார்க்கும்போதெல்லாம் தோளோடு ஹாண்டிலும் திரும்பியது. ஒருமுறை பாதையைவிட்டுப் புல்லுக்குள் இறங்கிவிட்டோம்.

"அப்பா, முன்னுக்குப் பாருங்கோ! பிள்ளையை நான் பாக்கிறன்."

அந்தக் குரலுக்குரியவள் 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி இரவு என் சைக்கிள் பாரில் இருந்தவள். அப்போது அவளுக்கு மூன்று வயது. வலிகாமத்திலிருந்து இலட்சக்கணக்கானோர் மழைக்குள் நாவற்குழியை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தார்கள். ஓடுவதற்கு இடமில்லை. இரவு முழுவதும் சைக்கிளை உருட்டிக்கொண்டே நடந்தேன். பாதையைப் பார்த்ததைவிட அவளது நனைந்த தலையைப் பார்த்ததே அதிகம். கண்ணுக்கு முன்னால் இருக்கும்வரை அவளுக்கு ஒன்றும் நடக்காது என்று நம்பினேன். அந்த நம்பிக்கையைத் தவிர அன்று என்னிடம் வேறெதுவும் இருக்கவில்லை.

அந்த இரவு அவளுக்கு நினைவில்லை. எனக்குத்தான் இன்னும் கழுத்துத் திரும்புகிறது.

அதன்பின் திரும்பிப் பார்ப்பதைக் குறைத்தேன். பிள்ளை என்ன செய்கிறாள் என்பது பாராமலே தெரிய ஆரம்பித்தது. மிதித்தால் பாரம் குறையும். பின்னோக்கி மிதித்தால் அவளது சைக்கிளின் பிரேக் விழுந்து, யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல இருக்கும். அவள் அதை ஒரு விளையாட்டாகவே செய்துகொண்டு வந்தாள்.

கோயிலுக்கு ஒரு கிலோமீற்றர் இருக்கையில், "அம்மப்பா, கழட்டிவிடுங்கோ" என்றாள்.

அந்த வயதுப் பிள்ளைகள் அங்கே வீதியில் ஓடக்கூடாது. கால்வாய்ப் பாதையில் வாகனம் இல்லை. மகளைப் பார்த்தேன். தலையசைத்தாள். கழற்றிவிட்டேன்.

பேத்தி எங்களை முந்திக்கொண்டு போனாள். நான் ஒன்றும் சொல்லாமல், அவளுக்குப் பின்னால் மெதுவாக ஓடினேன்.