படையலில் வைத்த சிகரெட்

எங்கள் நைனாவின் நினைவு நாளுக்குப் படையல் போட்டோம். இட்லி, வடை, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, ஒரு குவார்ட்டர் ரம், ஒரு பாக்கெட் சிகரெட். எங்கள் மாலை வகுப்புக்கு வரும் பிள்ளைகளும் சாப்பிட வந்திருந்தார்கள். பட்டாளத்தில் சேர ஓடிப் பழகிக்கொண்டிருக்கும் ஒரு பையன் படத்துக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டுக் கேட்டான்.

"இன்னாண்ணா, எங்களுக்கு மட்டும் புடிக்காத புடிக்காதன்னு சொல்றீங்க. உங்க நைனாவுக்கு பாக்கெட்டோட வெக்கறீங்களே?"

எல்லோரும் சிரித்தார்கள். நாங்களும் சிரித்துச் சமாளித்தோம். அவனுக்கு அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறோம். படிக்கும் மற்ற பிள்ளைகளுக்கும் இது சேரட்டும்.

நைனா 1969-இல் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். பெங்களூரில் பயிற்சி. வருடத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவில் வருவார். ஆரணி பஸ் நிலையத்தில் இறங்கி, வெள்ளை பெயிண்டில் நம்பரும் பேரும் எழுதிய கறுப்பு இரும்புப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு, வேறு பஸ் மாறி, கடைசியில் நடை. எங்கள் சேரிக்கு வர வேண்டுமானால் ஊர்த்தெருவைத் தாண்டித்தான் வர வேண்டும். அந்தத் தெருவில் எங்கள் தாத்தாமார்கள் பீடி பிடித்துக்கொண்டு நடந்ததில்லை. யாராவது எதிரே வந்தால் நெருப்பு உள்ளே இருக்கும்படி பீடியை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொள்வார்கள், இல்லையென்றால் காலடியில் போட்டுத் தேய்த்துவிடுவார்கள். தோளில் கிடக்கும் துண்டு இடுப்புக்கு இறங்குவதும் பீடி கைக்குள் போவதும் ஒரே நேரத்தில் நடக்கும். உள்ளங்கையில் சுட்ட தழும்பு இருந்த கிழவர்களை நாங்களே பார்த்திருக்கிறோம்.

நைனா முதல் லீவில் வரும்போது காலில் பூட்ஸ், வாயில் சார்மினார். திண்ணையில் உட்கார்ந்திருந்த ஒருவர் கேட்டார்: "இன்னாடா, பட்டாளத்துக்குப் போயிட்டா வாயில கொள்ளி வெச்சிக்கினுதான் வருவியா?" நைனா பதில் சொல்லவில்லை. நிற்கவும் இல்லை. இன்னொரு இழுப்பு இழுத்துவிட்டு நடந்தார்.

மறுநாள் தாத்தாவுக்கு அந்த வீட்டு நிலத்தில் வேலை இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பதினைந்து நாள். "உன் ஒரு சிகரெட்டுக்கு நாங்க எத்தினி பேரு பட்டினி கிடக்கறதுடா" என்று தாத்தா கத்தினாராம். நைனா சம்பளப் பணத்தை எடுத்துத் தாத்தா கையில் கொடுத்துவிட்டு, சாயங்காலம் மறுபடியும் அதே தெருவில் சிகரெட்டோடு போய்வந்தார். இந்தக் கதையை எங்கள் சேரியில் நூறு தடவையாவது சொல்லியிருப்பார்கள். சின்ன வயதில் எங்களுக்கு இதுதான் வீரக்கதை. 1971 போரில் நைனா என்ன செய்தார் என்று நாங்கள் கேட்டதே இல்லை.

பாரக்கில் சிகரெட் வேறு வேலை செய்தது. ஒரு சிகரெட்டை நான்கு பேர் இழுப்பார்கள். வேறு சாதிக்காரன் வாயிலிருந்து எடுத்ததை இவர் வாங்குவார், இவர் எச்சிலை அவன் வாங்குவான். ஊரில் டீக்கடையில் எங்களுக்குத் தனி கிளாஸ் இருந்த காலம் அது. "டீ கிளாஸுல கிடைக்காதது பீடியில கிடைச்சுது" என்பார் நைனா. அதற்காக ராணுவத்தில் சாதி இல்லை என்று யாரும் எங்களிடம் கதைவிட வேண்டாம். ராஜ்புத், ஜாட், டோக்ரா என்று ரெஜிமெண்டுகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு இருக்கிற ராணுவம் அது. குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படைக்கு இன்ன சாதியார்தான் என்று எடுப்பது நீதிமன்றம் வரை போன விஷயம். ஆனாலும் இரவு சென்ட்ரியில் நிற்கிறபோது பக்கத்தில் நிற்பவன் தீக்குச்சியைத்தான் கேட்டான், சாதியைக் கேட்கவில்லை. எல்லையில் அந்த நெருப்பையும் உள்ளங்கைக்குள் மறைத்துத்தான் பிடிக்க வேண்டும், எதிரிக்குத் தெரிந்துவிடும். அந்தப் பழக்கத்தை யாரும் இவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை. ஊரிலேயே பார்த்து வளர்ந்தது.

எங்கள் ஆட்கள் பட்டாளத்துக்குப் போனது நேற்றைக்கு இல்லை. ஆரணியே ஒரு பட்டாள ஊர்தான். 1751-இல் கிளைவ் இங்கே சண்டை போட்டார். 1782-இல் அயர் கூட்டும் ஹைதர் அலியும் இங்கேதான் மோதினார்கள். கும்பினியின் மெட்ராஸ் படையில் பறையர்கள் இருந்தார்கள். சாப்பர்ஸில் ரொம்பவே இருந்தார்கள். பாலம் கட்டுவதும் பாதை வெட்டுவதும் சுரங்கம் தோண்டுவதும் அவர்கள் வேலை. பிறகு ராபர்ட்ஸ் பிரபு போன்ற தளபதிகள் "போர்க்குடி" என்றொரு கொள்கையைப் பிடித்துக்கொண்டு தென்னாட்டாரையும் தீண்டப்படாதவர்களையும் படையிலிருந்து ஒதுக்கினார்கள். 1890களில் மகர்களுக்குக் கதவு அடைக்கப்பட்டது. சுபேதார் ராம்ஜியின் மகன் அம்பேத்கர் அந்தக் கதவைத் திறக்கப் போராடியதையும், 1941-இல் மகர் ரெஜிமெண்ட் வந்ததையும் நீங்கள் படித்திருப்பீர்கள். சாப்பர்ஸில் மட்டும் எங்களவர்களுக்கு இடம் தொடர்ந்து இருந்தது. சம்பளம், பென்ஷன், படிப்பு, சட்டை, பூட்ஸ் என்று சேரிக்கு வந்த பல விஷயங்கள் அந்த வழியாக வந்தவை. சிகரெட்டும் அதே பெட்டியில் வந்தது.

இதை யாரோ ஒரு சிப்பாயின் கெட்ட பழக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. முதல் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்க்கு வாரத்துக்கு 2 அவுன்ஸ் புகையிலை ரேஷனாகவே கொடுத்தார்கள். இரண்டாம் போரில் அமெரிக்கச் சிப்பாயின் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குள் பிஸ்கட்டோடு சிகரெட்டும் இருந்தது. அதை அவர்கள் நிறுத்தியது 1975-இல். பசியை அடக்கும், தூக்கத்தை விரட்டும், பயத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்கும், செலவும் குறைவு. ஆளை நிற்க வைக்க வேண்டியவர்களுக்கு அது போதும். பத்து வருடம் கழித்து அவன் நெஞ்சு என்ன ஆகும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை. கம்பெனிகளுக்கோ போர் முடிந்து வீடு திரும்புகிற ஒவ்வொருவனும் ஆயுள் வாடிக்கையாளன்.

நைனா லடாக்கில் இரண்டு குளிர்காலம் இருந்தார். 18,000 அடி உயரத்தில் ஒவ்வொரு மூச்சிலும் நமக்கு இங்கே கிடைப்பதில் ஏறக்குறைய பாதி ஆக்சிஜன்தான் கிடைக்கும். சிகரெட் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடு, ரத்தத்தில் ஆக்சிஜன் உட்கார வேண்டிய இடத்தை அதைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். பாதி மூச்சிலும் பாதியை விற்கிற மாதிரி. அங்கேதான் அவர் ஒரு நாளைக்கு இரண்டு பாக்கெட்டுக்குப் போனார். வேறு என்ன இருந்தது அங்கே? பனி, கடிதம், சிகரெட்.

1987-இல் அவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். அம்மா அப்போது ஆரணியில் ஒரு தறிக்காரர் வீட்டுக்குத் தார் சுற்றப் போய்க்கொண்டிருந்தார். பின்கட்டு வழியாகத்தான் போக வேண்டும், ஆனால் கூலி வரும். சில நாள் பட்டு நூலை வீட்டுக்கே கொண்டுவந்து சுற்றுவார். பட்டில் புகை வாடை ஏறினால் கூலியில் பிடிப்பார்கள். ஒரு பொறி விழுந்தால் கேட்கவே வேண்டாம். அதனால் ராட்டினம் சுற்றும் நேரமெல்லாம் நைனா வீட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில். ஊர்த்தெருவில் யாருக்கும் மறைக்காதவரை ஒரு சிட்டம் நூல் வெளியே உட்கார வைத்தது. அம்மா இதைச் சொல்லிச் சிரிப்பார். அம்மாவின் தங்கை குடியாத்தத்தில் பீடி சுற்றினார், ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று. அவர் ஒரு பீடியும் பிடித்ததில்லை. புகையிலைத் தூளில் இருமியே போனார். அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

நைனாவுக்கு அறுபது வயதுக்கு மேல் மூச்சு வாங்க ஆரம்பித்தது. முதலில் மாடிப்படி, பிறகு தெரு, பிறகு கக்கூஸ் வரை போய்வருவது. வேலூரில் டாக்டர், நுரையீரல் சுருங்கி விரியும் சக்தி போய்விட்டது, இனி திரும்பாது என்றார். முன்னாள் ராணுவத்தினருக்கு 2003-இல் வந்த இ.சி.எச்.எஸ். மருத்துவத் திட்டம் இருந்ததால் மருந்தும் ஆக்சிஜன் மெஷினும் கிடைத்தன. அது இல்லையென்றால் நாங்கள் வட்டிக்கு வாங்கித்தான் மூச்சு வாங்கியிருக்க வேண்டும். கடைசி இரண்டு வருடம் வீட்டில் அந்த மெஷின் சத்தம்தான். கரண்ட் போனால் எங்கள் எல்லோருக்கும் நெஞ்சு அடைக்கும், சிலிண்டரை மாற்றும் வரை. மூக்கில் குழாயோடு ஒரு நாள் அவர் விரலை உதட்டில் வைத்துக் கேட்டார், "ஒண்ணே ஒண்ணு." நாங்கள் கொடுக்கவில்லை. கோபமாகப் பேசினோம். அவர் அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

இப்போது அந்தப் பையனிடம் வருகிறோம். தம்பி, நீ விடியற்காலையில் ஓடுகிறாய். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் முடித்தால் முழு மதிப்பெண். ஓடி முடித்ததும் பெட்டிக்கடைக்குப் பின்னால் போய் நிற்கிறாய், எங்களுக்குத் தெரியும். பட்டாளத்தில் எல்லோரும் பிடிப்பார்கள் என்று சொல்கிறாய். எங்கள் நைனா போன பட்டாளம் வேறு, நீ போகப்போவது வேறு. 2022-இல் வந்த அக்னிபத் திட்டத்தில் உனக்கு 4 வருடம். அதன் பிறகு 100 பேரில் 25 பேர் வரைதான் உள்ளே. வெளியே வருகிறவனுக்கு பென்ஷன் இல்லை, முன்னாள் ராணுவத்தினன் என்ற பெயர் இல்லை, இ.சி.எச்.எஸ். கார்டும் இல்லை. கற்றுக்கொண்ட பழக்கம் மட்டும் உன்னோடு வீட்டுக்கு வரும். நாற்பது வருடம் கழித்து உன் மெஷினுக்கு யார் பணம் கட்டுவார்கள்? உன் பிள்ளைகள்தான்.

ஊர்த்தெருவில் இன்றைக்கு யாரும் உன் வாயில் சிகரெட் இருக்கிறதா என்று பார்ப்பதில்லை. அதே தெருவில் நீ பைக்கில் வேகமாகப் போனால் பார்க்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்ணோடு பேசினால் பார்க்கிறார்கள். அம்பேத்கர் படம் போட்ட பனியனைப் பார்க்கிறார்கள். எங்கள் நைனா செய்ததை நீ செய்ய வேண்டுமென்றால் அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. அந்தச் சண்டைக்கு நல்ல மூச்சு வேண்டும்.

படையலில் சிகரெட் வைப்பது பற்றி எங்களுக்குள்ளேயே சண்டை வந்தது. தம்பி வைக்கக் கூடாது என்றான், அக்கா அழுதாள். கடையில் சார்மினார் கிடைக்கவில்லை, இருந்ததை வாங்கி வந்தோம். அம்மா யாரிடமும் கேட்கவில்லை. பாக்கெட்டைப் பிரித்து, ஒன்றை எடுத்து, கற்பூரத்தில் பற்றவைத்து, படத்துக்கு முன்னால் வாழையிலை ஓரத்தில் சாய்த்து வைத்தார். "இனிமே ஒண்ணும் ஆவாது, குடிக்கட்டும்" என்றார். அது தானாக எரிந்து முடியும் வரை நாங்கள் நின்றுகொண்டிருந்தோம். மீதி ஒன்பதையும் நீரில் கரைத்துக் கொல்லையில் கொட்டியது நாங்கள்தான்.