தூண் விலையா, வீட்டு விலையா? விற்பனைக்குத் தயாரான ஒரு செட்டிநாட்டு வீடு

செட்டிநாட்டில் ஒரு பழைய வீடு விலைக்கு வந்தால், பார்க்க இரண்டு விதமானவர்கள் வருவார்கள். ஒருவர் வீட்டைப் பார்ப்பார். இன்னொருவர் தேக்கைப் பார்ப்பார்.

காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில் இருக்கும் அந்த வீட்டுக்கு முதலில் வந்தவர்கள் எல்லோரும் இரண்டாவது வகை. டேப்பை விரித்துத் தூண்களை அளந்தார்கள். உத்தரத்தைத் தட்டிப் பார்த்தார்கள். நிலைக்கதவைப் போனில் படம் எடுத்தார்கள். "மனையை நீங்களே வெச்சுக்கங்க ஆச்சி. மரத்துக்கு மட்டும் ஒரு விலை சொல்லுங்க" என்றார் ஒருவர்.

ஆச்சிக்கு 74 வயது. கல்யாணமாகி வந்து இறங்கிய வீடு அது. கணவர் காலமான பிறகு சென்னையில் மகளோடு இருக்கிறார். வீட்டில் மொத்தம் 9 பங்குகள். பங்காளிகள் சிங்கப்பூர், மலேசியா, பெங்களூரு என்று இருக்கிறார்கள். கல்யாணம் வந்தால் வீடு திறக்கும், முடிந்தால் பூட்டும். கடைசியாக நடந்த கல்யாணத்துக்கும் பல வருடங்கள் ஆகிவிட்டன.

இது அந்த ஒரு வீட்டின் கதை மட்டுமல்ல. பர்மாவிலும் மலேயாவிலும் வட்டித்தொழில் செய்து சேர்த்த பணத்தில், பர்மா தேக்கும் இத்தாலிப் பளிங்கும் கொண்டுவந்து கட்டிய வீடுகள் இவை. இரண்டாம் உலகப் போரோடு பர்மா கைவிட்டுப் போனது. வீடுகள் நின்றன, வருமானம் நின்றுவிட்டது. பிரித்து விற்கப்பட்ட வீடுகளின் தூண்களையும் கதவுகளையும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் இன்றும் பார்க்கலாம். 2014-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் சேர்ந்தன. ஆனால், பட்டியல் யார் வீட்டுக் கூரையையும் மாற்றித் தராது.

வந்தவர்களை ஆச்சியின் மகள் குறை சொல்லவில்லை. வீடு அப்படித்தான் இருந்தது. ஜன்னல்கள் மூடி, வௌவால் வாடை அடித்து, பட்டாலை முழுக்க உடைந்த கட்டிலும் சீர்ப் பாத்திரமும் குவிந்து கிடந்தன. குடோன் மாதிரிக் கிடக்கும் வீட்டுக்கு குடோன் சாமானின் விலைதானே கேட்பார்கள்?

10 நாள் லீவு போட்டு ஊருக்குப் போனார் மகள். புதுப் பெயின்ட், வாடகைக்கு சோபா, திரைச்சீலை என்று மனதில் ஒரு திட்டம் இருந்தது. உள்ளூர்க் கொத்தனார் முதல் நாளே அதைக் கலைத்தார். "இது முட்டை வெள்ளை சேர்த்து இழைச்ச சுண்ணாம்புச் சுவரும்மா. மேல பிளாஸ்டிக் பெயின்ட் அடிச்சா உள்ள இருக்குற ஈரம் வெளியேற முடியாம, பொரிஞ்சு கொட்டும். ஈரத்துணியால துடைங்க, போதும்."

தரைக்கு ஆசிட் வேண்டாம் என்றும் சொன்னார். ஆத்தங்குடிக் கல் சூளையில் சுட்டது அல்ல; சிமென்ட், மணல், வண்ணம் சேர்த்துக் கண்ணாடி மேல் வார்த்தது. ஆசிட் பட்டால் பூ வேலை அரித்துவிடும். தண்ணீரில் துடைத்து, பிறகு சில சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டுத் தேய்த்ததும் தரையில் முகம் தெரிந்தது.

சாமான்களைப் படம் எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார்கள். வேண்டியவர்கள் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். மிச்சத்தை ஓர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். சண்டை வந்தது சுவரில் வரிசையாக மாட்டியிருந்த படங்களில்தான்.

"வாங்க வர்றவங்க தங்களை இங்கே நினைச்சுப் பார்க்கணுமாம். குடும்பப் படம் இருக்கக் கூடாதாம், ஆத்தா."

"படத்தை எடுத்துட்டா இது யார் வீடு?"

கடைசியில், வீட்டைக் கட்டியவரும் அவர் மனைவியும் இருக்கும் ஒரு படம் மட்டும் நின்றது. கணவர் படத்தை ஆச்சியே கழற்றினார். "விலை பேசுறதை உங்க அப்பச்சி பார்க்க வேணாம்" என்று துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

புதிதாக எதுவும் வாங்கவில்லை. முகப்பில் ஒரு பாய், இரண்டு மர நாற்காலி. ஓர் அறையில் கட்டில், மேஜை, ஃபேன். படுத்தால் எப்படி இருக்கும் என்று தெரிய அது போதும். இரண்டாங்கட்டில் குளியலறை எங்கே கட்டலாம் என்று சாக்பீஸால் கோடு. அடுப்படியில் காபி போடும் அளவுக்குச் சாமான். பிறகு எல்லாக் கதவுகளையும் திறந்தார்கள். முன்வாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று கட்டுக்குக் கட்டு வெளிச்சம் விழுந்து பின்வாசல் வரை தெரிந்தது.

அதை வீடியோ எடுத்து குரூப்பில் போட்டார் மகள். வாங்குபவர் யாரும் வருவதற்கு முன்பே மனம் மாறியது விற்பவர்களுக்குத்தான். தூண்களுக்கு வந்த விலையை உடனே வாங்கிக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்த மலேசியத் தம்பி, "அக்கா, பிரிச்சு விக்க வேணாம். கொஞ்சம் காத்திருப்போம்" என்று அனுப்பினார்.

ஓர் இடத்தில் ஓடு ஒழுகியது. கறையை மறைத்து வெள்ளையடிக்கச் சொன்னார் ஒரு பங்காளி. மகள் மறுத்துவிட்டார். கறைக்கு நேர் கீழே ஒரு வாளியை வைத்து, பழுது பார்க்க ஆகும் செலவைக் கொத்தனாரிடம் எழுதி வாங்கிக்கொண்டார்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு தம்பதி ஐப்பசி மழையில் வந்தார்கள். முற்றத்தில் தண்ணீர் நான்கு பக்கமும் இறங்கி அண்டாவில் நிறைந்துகொண்டிருந்தது. தூண் எத்தனை என்று அவர்கள் கேட்கவில்லை. "மழை பெஞ்சா நீங்க எங்கே உட்காருவீங்க?" என்று கேட்டார் அந்த அம்மா. ஆச்சி இடத்தைக் காட்டினார். காபி வரும் வரை இருவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்த கேள்வி வாளியைப் பற்றி. கொத்தனார் எழுதிய தாளை மகள் நீட்டினார். அந்தச் செலவு விலையில் கழிந்தது. வில்லங்கச் சான்றிதழ், பட்டா, வாரிசுச் சான்றிதழ்கள் எல்லாம் ஒரே ஃபைலில் இருந்ததால் பேச்சு அன்றைக்கே முன்பணம் வரை போனது.

பழைய வீட்டை விற்க நினைப்பவர்கள் பெயின்ட் கடைக்குப் போகும் முன் ஒரு வாரம் ஜன்னல்களைத் திறந்து வைத்துப் பார்க்கலாம். ஒழுகும் இடத்தையும் பழுதுச் செலவையும் முதலிலேயே சொல்லிவிடலாம். குடியிருக்கலாம் என்று தெரிகிற வீட்டைத்தான் குடியிருக்க ஆள் தேடி வருவார்கள்.

8 பேர் சம்மதக் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. மலேசியாவிலிருந்து பவர் பத்திரம் இன்னும் வர வேண்டும். அது வரும் வரை வாரம் ஒருநாள் கதவுகளைத் திறந்து, தரையைத் துடைக்கப் பக்கத்து வீட்டு அம்மாவிடம் சாவியைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார் ஆச்சி.