மிக்சரும் மூணு மாச சுகரும்

திங்கள்

மதுரையில் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். சுகர் வந்து பல வருஷம். சிகரெட் அதைவிடப் பழசு. டீயில் சீனியை விட்டவரால் டீயோடு போகும் தம்மை விட முடியவில்லை. இன்று அதையும் விட்டார். "என்னண்ணே, வெறும் டீயா?" என்றார் கடைக்காரர். பதில் இல்லை.

புதன்

தலைவலி, தூக்கமின்மை, பேரன் மேல் காரணமில்லாத கோபம். நிகோட்டின் இறங்கும் முதல் வாரம் இப்படித்தான் படுத்தும். சிகரெட் பெட்டிகளில் 2018 முதல் அச்சாகிவரும் 1800-11-2356 என்ற இலவச எண்ணை இன்றுதான் அழைத்தார். டாக்டரைக் கேட்டு நிகோட்டின் சூயிங்கமும் வாங்கினார். அதை விடாமல் மெல்லக் கூடாது. காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்ள வேண்டும். புகையிலை அடக்கிய ஊருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

மூன்றாவது வாரம்

ஓயாத பசி. மிக்சர் பொட்டலம் காலியாகிறது, வெறும் வயிற்று சுகரோ ஏறியிருக்கிறது. "குடிச்சப்பவே நல்லா இருந்துச்சே!" என்று மனைவியிடம் சலித்துக்கொண்டார்.

பலர் திரும்பப் பற்றவைப்பது இந்த இடத்தில்தான். பிரிட்டனில் சர்க்கரை நோயுள்ள 10,000-க்கும் மேற்பட்ட புகைப்பவர்களின் மருத்துவப் பதிவுகளை அலசி 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. புகையை விட்டவர்களின் மூணு மாச சுகர் (HbA1c) முதல் வருஷத்தில் சராசரியாக 0.21 சதவீதப் புள்ளி கூடியது. மூன்று வருஷத்தில் விடாதவர்களின் அளவுக்கே இறங்கிவிட்டது. "விடுங்க" என்று அதட்டும் டாக்டர்கள் இதையும் முன்கூட்டியே சொன்னால் என்ன?

லாபம் குளுக்கோமீட்டரில் உடனே தெரியாது. அது ரத்தக் குழாயில் இருக்கிறது. சர்க்கரை அரிக்கும் அதே குழாய்களை நிகோட்டின் சுருக்குகிறது. புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடோ ரத்தத்தில் ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. காலில் ஒரு சின்னப் புண் ஆறாமல் விரலை எடுக்கும் நிலை வருவதற்கு இந்தக் கூட்டணி போதும்.

மாதக் கடைசி

டாக்டர் பாதத்தில் நாடி பார்த்தார், நைலான் இழையால் தொட்டு உணர்ச்சியைச் சோதித்தார். மாத்திரை அளவைக் கொஞ்சம் கூட்டினார். கூட வந்த மைத்துனரும் தம்மை விட்டவர், ஆனால் இன்சுலின் போடுகிறவர். அவருக்கு எச்சரிக்கை நேர்மாறாக இருந்தது: புகை நின்றால் ஊசி மருந்து வேகமாக உடம்பில் சேரலாம், வியர்வை, நடுக்கம் வந்தால் லோ சுகரா என்று உடனே பார்க்க வேண்டும்.

மிக்சருக்குத் தடை. பதிலுக்குப் பொட்டுக்கடலை, அளந்து கொடுக்கும் பொறுப்பு மனைவிக்கு.