அப்பாவின் சுண்டுவிரல்

செருப்புக் கடைக்குப் போனால் நீங்கள் என்ன கேட்பீர்கள்? "எட்டாம் நம்பர் கொடுங்கள்" என்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அதன் பலனை அனுபவித்தவர் என் தகப்பனார்.

அரூர் பக்கத்துக் கிராமத்தில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். பிள்ளைப் பிராயம் முழுவதும் வரப்பிலும் சரளைக் கல்லிலும் வெறுங்காலோடு நடந்தவர். சர்க்கரை வியாதி வந்ததும், "இனிமேல் வெறுங்காலோடு நடக்கக் கூடாது" என்றார் டாக்டர். தர்மபுரிக்குப் போய் உயர்ந்த பூட்ஸாகவே வாங்கி வந்தேன்.

"முன்னால கொஞ்சம் பிடிக்கிறாப்பல இருக்குதே" என்றார் அப்பா.

"போகப் போகச் சரியாயிடும், அப்பா" என்றேன்.

ஒரு வாரத்தில் வலி போய்விட்டது. எனக்கு ஒரே பெருமை! போனது வலியல்ல, உணர்ச்சி என்பது பிறகுதான் தெரிந்தது. சர்க்கரை, காலின் நரம்புகளை மரத்துப் போகச் செய்துவிடும் அல்லவா? சுண்டுவிரலில் புண் வந்தது அவருக்கே தெரியவில்லை. மூன்று மாதம் வைத்தியம் செய்தும், கடைசியில் விரலை எடுக்கத்தான் வேண்டியிருந்தது.

அதன் பிறகு, செருப்புத் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் அப்பாவை அழைத்துப் போனேன். அவர் பழைய பூட்ஸைப் புரட்டிப் பார்த்தார்.

"நீளத்தைப் பார்த்தீங்க தம்பி, அகலத்தைப் பார்க்கலையே?" என்றார்.

அந்த ஒரு கேள்வியில் முழு விஷயமும் அடங்கிவிட்டது. நாம் சொல்லும் நம்பர் இங்கிலாந்திலிருந்து வந்தது. ஒரு பார்லி மணியின் நீளம், அதாவது மூன்றில் ஒரு அங்குலம், ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் உள்ள வித்தியாசம். அகலத்தைப் பற்றி அது வாயே திறப்பதில்லை! வெறுங்காலோடு நடந்து வளர்ந்த இந்தியர்களின் பாதம் அகலமாக இருப்பதை 2009-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி காட்டியது. சென்னையிலுள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதங்களை அளந்து, மேல்நாட்டாரைவிட நமக்கு அகலம் அதிகம் என்று கண்டது. நமக்கென்றே 'பா' என்ற புதிய அளவு முறையையும் வகுத்தது.

பெரியவருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் தெரியாது. ஒரு காகிதத்தைத் தரையில் விரித்து, அப்பாவை அதன்மேல் நிற்கச் சொன்னார். நின்றால்தானே பாதம் விரியும்? இரண்டு கால்களையும் தனித்தனியாகப் பென்சிலால் வரைந்துகொண்டார். "சாயங்காலம் வந்ததே நல்லது. பொழுது சாய்ஞ்சா கால் கொஞ்சம் உப்பும்" என்றார்.

வலது பாதத்தின் கோடு சுண்டுவிரல் இருந்த இடத்தில் உள்ளே வளைந்து திரும்பியது. நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன்.

உங்கள் வீட்டுப் பெரியவருக்குச் செருப்பு வாங்கும்போது நம்பரை மட்டும் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவரையே அழைத்துப் போங்கள். "பிடிக்கிறது" என்று அவர் சொன்னால், தயவு செய்து நம்புங்கள்.