படிவத்தில் இல்லாத கட்டம்

பரிசு கொடுக்கக் கூப்பிட்டால் எழுத்தாளனுக்கு ஒரு சபலம். மாலை கிடைக்கும், மைக் கிடைக்கும், திரும்பிப் போகக் காரும் கிடைக்கும். போன வருஷம் செங்கற்பட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் ஆண்டு விழாவுக்கு அப்படித்தான் போனேன். சிறந்த இளம் ஆசிரியருக்கான கேடயத்தை என் கையால் கொடுத்தேன். ஒரே வருஷத்தில் 11 ஆராய்ச்சிக் கட்டுரைகள் எழுதியவராம். நானும் பலமாகத்தான் கை தட்டினேன்.

அன்றிரவு மாமல்லபுரத்தில் தங்கல். என்னைக் கொண்டுவிட வந்தவர் அதே கல்லூரியின் இளம் விரிவுரையாளர், முப்பது வயதுப் பெண். கார் திருக்கழுக்குன்றத்தைத் தாண்டும்போது, பேச்சுக்காக, "சனிக்கிழமை லீவுதானே அம்மா?" என்று கேட்டேன்.

"இல்லை சார், அன்றைக்குத்தான் முதலாண்டுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறேன்" என்றார்.

அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தொழிற்படிப்புகளில் 7.5 சதவிகித இடம் ஒதுக்கி 2021-ல் தமிழ்நாட்டில் சட்டம் வந்ததல்லவா? அந்த வழியில் வந்த பிள்ளைகள். பௌதிகத்தைத் தமிழில் படித்துவிட்டு, கல்லூரியில் ஆங்கிலப் புத்தகத்தின் முன் உட்காருகிறவர்கள். கடற்கரைக் குப்பத்துப் பெண் ஒருத்தி, வகுப்பில் ஆசிரியர் 'டார்க்', 'டார்க்' என்று சொல்லச் சொல்ல, ஏதோ இருட்டைப் பற்றிய பாடம் என்றே ஒரு வாரம் நினைத்திருக்கிறாள். அது தனக்கு நன்றாகத் தெரிந்த திருப்பு விசைதான் என்று சொல்ல ஆளில்லை. இரண்டாம் மாதம் பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். இந்த அம்மாள் குப்பத்துக்கே போய், வலை பின்னிக்கொண்டிருந்த தகப்பனாரிடம் இரண்டு மணி நேரம் பேசித் திரும்ப அழைத்து வந்தாராம். சனிக்கிழமை வகுப்பு அப்படி ஆரம்பித்தது.

"பதவி உயர்வுக்கு மனுப் போடும்போது இதை எங்கே எழுதுவீர்கள்?"

அவர் சிரித்துவிட்டார். "படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையே சார்! கட்டுரைக்கு உண்டு, வெளியிலிருந்து கொண்டுவந்த பணத்துக்கு உண்டு. இரண்டு வருஷமாக எனக்குக் கட்டுரை குறைவு."

கேடயம் கொடுத்த கை சற்றுக் கூசியது.

கிண்டிப் பொறியியல் கல்லூரியின் பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தது. 1940-ல் அங்கே லலிதா என்ற பெண் மின்பொறியியல் படிக்கச் சேர்ந்தார். பதினெட்டு வயதில் கணவரை இழந்தவர், கையில் குழந்தை. தகப்பனார் பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் பேராசிரியர், பிரின்சிபால் கே. சி. சாக்கோ சம்மதித்தார். அத்தனை ஆண்களுக்கு நடுவே பெண் தனித்துவிடக் கூடாதே என்று, பெண்களும் சேரலாமென விளம்பரம் செய்ய வைத்தார்கள். லீலம்மா ஜார்ஜும் திரேசியாவும் வந்து சேர்ந்தார்கள். 1943-ல் லலிதா பட்டம் பெற்றபோது, சர்டிபிகேட்டில் 'அவன்' என்று அச்சாகியிருந்த ஆங்கிலச் சொல்லை அடித்து, 'அவள்' என்று கையால் எழுதிக் கொடுத்தார்களாம். படிவத்தில் இல்லாத மனுஷி அவரும்.

சுப்பாராவும் சாக்கோவும் செய்தது பெரிய காரியம்தான். ஆனால் அவர்கள் கையில் பதவி இருந்தது. கதவைத் திறந்ததால் அவர்கள் நாற்காலி ஆடவில்லை. என் பக்கத்தில் கார் ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு இன்னும் நாற்காலியே கிடைக்கவில்லை. குப்பத்துப் பெண்ணுக்குக் கொடுத்த ஒவ்வொரு சனிக்கிழமையும் தன் கட்டுரையிலிருந்து பிய்த்துக் கொடுத்தது. ஓய்வு பெறும் நாளில் பொன்னாடை போர்த்துவார்கள், அதில் சந்தேகமில்லை. அதை வைத்துக்கொண்டு அவர் என்ன செய்வார்? பெண்களை முன்னேற்றும் உயர்கல்வி நிலையங்களை மதிப்பிட மத்திய அரசு 2020-ல் 'கதி' என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. நல்லதுதான். பெயர் நிலையத்துக்கு, சனிக்கிழமை யாருடையது?

மாமல்லபுரத்தில் இறங்கியபோது கலங்கரை விளக்கம் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அவசரமாகக் கிளம்பினார். மறுநாள் சனிக்கிழமை.

இந்த வருஷமும் அழைப்பு வந்திருக்கிறது. வருகிறேன், ஆனால் கேடயத்துக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் படிவத்தை முதலில் அனுப்புங்கள், அதில் ஒரு கட்டம் சேர்க்க வேண்டும் என்று பதில் எழுதினேன். மூன்று வாரமாகிறது, பதில் இல்லை. வேறு எழுத்தாளரைப் பார்த்துக்கொண்டார்களோ என்னவோ. குப்பத்துப் பெண் இரண்டாமாண்டுக்குப் போய்விட்டாள் என்று மட்டும் அந்த அம்மாளிடமிருந்து ஒரு வரி வந்தது.