டேங்க் மூடியும் குளவிக் கூடும்



என் பழைய மாணவர் ஒருவர் வெளிநாட்டில் தாமே ஒரு சிறு விமானம் கட்டிவருகிறார். "சார், இன்ஜின் பத்து நிமிடம் நன்றாக ஓடுது, அப்புறம் நின்னுடுது. கார்புரேட்டரைக் கழற்றிச் சுத்தம் பண்ணியும் சரியாகலை" என்று முந்தாநாள் பேசினார்.

எனக்கு ஆலங்குடி சாலையில் நின்றுபோன என் டிவிஎஸ் 50 நினைவுக்கு வந்தது. மெக்கானிக் டேங்க் மூடியைத் திறந்தார், 'உஸ்' என்று காற்று உள்ளே போனது, வண்டி கிளம்பிவிட்டது. மூடியின் காற்றுத் துளையில் மண். பெட்ரோல் இறங்கிய இடத்துக்குக் காற்று வராவிட்டால் உள்ளே அழுத்தம் குறையும், பெட்ரோல் இறங்காது. அழுத்தம் பாடத்தை வருடக்கணக்கில் நடத்திய எனக்கு அன்று அது தோன்றவில்லை!

"டேங்கின் வென்ட் குழாயைப் பாருப்பா" என்றேன். மறுநாள் படம் அனுப்பினார்: குழாய்க்குள் குளவி கட்டிய மண்கூடு.

அதோடு விடவில்லை. 1997 அக்டோபர் 12இல் அமெரிக்கப் பாடகர் ஜான் டென்வர், இன்னொருவர் வீட்டில் கட்டிய லாங்-ஈஸி விமானத்தோடு கலிபோர்னியா கடலில் விழுந்து இறந்தார். டேங்க் மாற்றும் வால்வை, வரைபடப்படி கால்களுக்கு நடுவே வைக்காமல் இடது தோளுக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். அதைத் திருகத் திரும்பியபோது விமானம் கட்டுப்பாட்டை இழந்தது என்றது விசாரணை. புறப்படும் முன் பெட்ரோல் நிரப்பவும் வேண்டாம் என்றிருக்கிறார்.

"தம்பி, கண்ணை மூடி உன் வால்வைத் தொட்டு வீடியோ அனுப்பு" என்றேன். சிரித்தார். வீடியோ இன்னும் வரவில்லை.